பதிவுக் கணினி: தெரிவும் பழுதும்

கமெராவின் படத்தை வாங்கி, சுருக்கி, ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, பிறகு கேட்ட நேரத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பது பதிவுக் கருவியின் வேலை. திரையில் நேரடிப் படம் ஓடுவது உபரி. கடையில் காட்டப்படுவது பெரும்பாலும் அந்த உபரிதான். வாங்குபவரும் அதைப் பார்த்தே திருப்தியடைகிறார். இலங்கை மலைநாட்டின் நானுஓயாவில் ஒரு கமெராத் தொகுதியைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: நேற்று அதிகாலை 2 மணிக்கு, பனிமூட்டம் இறங்கிக் கிடந்தபோது, கேட்டடியில் என்ன நடந்தது என்று இப்போது எடுத்துக் காட்ட முடியுமா?

மூன்று வகை

கோஅக்சியல் கேபிளில் வரும் படத்தைப் பதிவது டிவிஆர். நெட்வொர்க் கேபிளில் வரும் ஐபி கமெராக்களைப் பதிவது என்விஆர். இந்த இரண்டின் வேலையையும் மென்பொருளைக் கொண்டு செய்வது சாதாரணக் கணினி.

2000களின் தொடக்கத்தில் கணினியின் பிசிஐ துளையில் ஒரு கார்டைச் செருகி, அதன் பின்புறத்தில் எட்டோ பதினாறோ கமெரா வயர்களைத் தொங்கவிடுவது பரவலான முறை. அந்தக் கார்டுகளின் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருந்தது. ‘செக்கனுக்கு 100 படம்’ என்றால் கமெரா ஒவ்வொன்றுக்கும் 100 அல்ல. எல்லாவற்றுக்கும் சேர்த்து 100. பதினாறு கமெராவுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஆறு படம்தான். கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவர் இரண்டு படத்துக்கு இடையில் மறைந்துவிடுவார். பழைய அலுவலகம் எதிலாவது அப்படியொரு கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பழுது பார்ப்பதில் பயனில்லை. இன்றைய மதர்போர்டுகளில் பிசிஐ துளை பெரும்பாலும் இல்லை; அந்தக் கார்டுகள் நம்பியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது.

முதலாவது நெட்வொர்க் கமெராவை 1996இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் வெளியிட்டது. 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒன்விஃப் என்ற பொது அமைப்பைத் தொடங்கின. ஒரு நிறுவனத்தின் கமெரா இன்னொரு நிறுவனத்தின் பதிவுக் கருவியோடு பேசுவது அதன் பிறகுதான் இலகுவானது. கணினியில் பதிய நினைப்பவர் கமெரா வாங்கும்போது ஒன்விஃப், ஆர்டிஎஸ்பி என்ற இரண்டு சொற்களையும் விவரத்தாளில் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாத மலிவு வைஃபை கமெராக்கள் கைபேசிச் செயலியை விட்டு வெளியே வருவதில்லை.

எதை வாங்குவது

நானுஓயா ரயில் நிலையத்தடியில் நான்கு கமெராவோடு ஒரு கடை, அல்லது எல்ல ரயிலுக்கு வரும் பயணிகளுக்கு அறை விடும் ஒரு வீடு என்றால் கணினி தேவையில்லை. ஒரு சிறிய என்விஆர் போதும். மின்சாரம் குறைவாக எடுக்கும். விண்டோஸ் அப்டேட் வந்து நள்ளிரவில் தானாக மறுதொடக்கம் செய்யாது. பிள்ளைகள் அதில் விளையாட்டு ஏற்றவும் முடியாது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கு வேறு. கொழுந்து நிறுக்கும் இடம், வாட்டும் மேல்மாடி, சலிக்கும் அறை, மூட்டை அடுக்கும் களஞ்சியம், கேட்டடி என்று இருபது கமெராவைத் தாண்டிவிடும். அவற்றில் சில பழைய அனலொக், சில புதிய ஐபி. நிறுவைப் பதிவோடு படத்தைச் சேர்த்துத் தேட வேண்டிய தேவையும் வரும். கணினி தன் விலைக்கு நியாயம் செய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

மென்பொருளில் விண்டோஸுக்குப் பணம் கொடுத்து வாங்கும் பிளூ ஐரிஸ், எட்டுக் கமெரா வரை இலவசமாகத் தரப்படும் மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்ட் எசென்ஷியல் பிளஸ், லினக்ஸில் ஓடும் இலவசச் சோன்மைண்டர், ஃபிரிகேட் ஆகியவை அறியப்பட்டவை. ஃபிரிகேட் படத்தில் இருப்பது ஆளா, வாகனமா, நாயா என்று பிரித்துப் பார்க்கும். காற்றில் அசையும் சவுக்கு மரத்துக்கெல்லாம் மணியடிக்காமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அதன் வழக்கமான மாதிரி பழகிய பொருட்களின் பட்டியலில் சிறுத்தை இல்லை. லயத்து நாயைத் தேடி இரவில் இறங்கும் சிறுத்தை, பூனை என்றோ நாய் என்றோ பதிவாகிவிடலாம்.

புதுக் கணினி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் கிடைக்கும் பாவித்த அலுவலகக் கணினியே போதும். இன்டெல் ஆறாம் தலைமுறைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. எச்.265 முறையில் சுருக்கிய படத்தை விரிக்கும் வேலையை அந்தத் தலைமுறையிலிருந்து சிப்பே ஏற்றுக்கொள்கிறது. ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் ஏற்றலாம், அல்லது இணையத்தில் இணைக்காமல் உள்நெட்வொர்க்கில் மட்டும் வைத்திருக்கலாம்.

டிஸ்க் கணக்கு

கமெரா செக்கனுக்கு எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்பதுதான் கணக்கின் தொடக்கம். 4 மெகாபிட் என்றால் எட்டால் வகுக்க அரை மெகாபைட். ஒரு நாளின் 86,400 செக்கனால் பெருக்கினால் 43.2 கிகாபைட். எட்டுக் கமெராவுக்கு ஒரு நாளைக்கு 345.6, முப்பது நாளுக்கு 10 டெராபைட்டுக்குச் சற்று மேல். இதே எட்டுக் கமெராவை 2 மெகாபிட்டில் வைத்தால் பாதி போதும்.

‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு’ என்ற வசதியை நம்பிச் சின்ன டிஸ்க் வாங்குவது சமவெளியில் சரிவரலாம். இங்கே மூட்டம் நகர்வதும் மழை இழை இழையாக விழுவதும் அசைவுதான். ஜூன், ஜூலை மழையில் இரவு முழுவதும் பதிவு ஓடும். முப்பது நாள் தாங்கும் என்று போட்ட கணக்கு பத்து நாளில் தீர்ந்துவிடும். இடைவிடாத பதிவுக்குக் கணக்குப் போட்டு டிஸ்க் வாங்கி, அசைவை அடையாளக் குறியாக மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

டிஸ்க், கண்காணிப்புப் பதிவுக்கென்றே விற்கப்படும் வகையாக இருக்க வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் ஆகியவை அவ்வகை. மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க்குகளில் பல, ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுபவை. நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் வேலையில் அவை பின்தங்கி, பதிவில் ஓட்டை விழ வைக்கின்றன. 4 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்று காட்டினால் கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம் அது.

முகமும் மூட்டமும்

எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பது முக்கியம். முன்பின் தெரியாத ஒருவரை முகத்தால் அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேச நியமம். 2 மெகாபிக்சல் கமெராவின் படம் 1,920 பிக்சல் அகலம். ஆகவே அது ஏறக்குறைய 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் முகம் தராது. வழக்கமாக மாட்டப்படும் 2.8 மில்லிமீட்டர் வில்லையில் அந்த அகலம் நான்கு மீட்டர் தூரத்திலேயே வந்துவிடுகிறது. கேட் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் யாரோ வந்தார் என்பது தெரியும். யார் என்பது தெரியாது. 6 மில்லிமீட்டர் வில்லையில் அதே கமெரா எட்டு மீட்டர் வரை முகம் காட்டும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கமெரா வைக்கும்போது தராசின் எண் திரையும் படத்துக்குள் வாசிக்கும் அளவில் விழ வேண்டும். நிறுவையில் கிலோ குறைத்துப் போடுகிறார்கள் என்பது தோட்டங்களில் பழைய மனக்குறை. கூடையும் ஆளும் மட்டும் தெரிந்து எண் தெரியாத படம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். லயத்து வாசல், குளிக்கும் பீலிக்கரை, பிள்ளை மடுவம் ஆகிய பக்கங்களுக்குக் கமெரா திரும்பவே கூடாது. ஆளை அடையாளம் காட்டும் படம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் தரவுக்குள் அடங்குவது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல.

இரவில் மூட்டம் இறங்கியதும் திரை வெள்ளைச் சுவராக மாறுவது இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் முறைப்பாடு. கமெராவில் பழுது இல்லை. வில்லையைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளின் ஒளி, முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேரே வில்லைக்குத் திரும்புகிறது. மூட்டத்தில் வாகனத்தின் பெரிய லைட்டைப் போட்ட சாரதிக்கு என்ன தெரியுமோ அதுதான் கமெராவுக்கும் தெரியும். கமெராவுக்குள் இருக்கும் விளக்கை அமைப்பில் அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கொன்றை இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில், பார்க்க வேண்டிய இடத்துக்கு அருகே வைத்தால் துளிகளில் பட்ட ஒளி வேறு பக்கம் சிதறும். கேட்டடியில் ஒரு சாதாரண மஞ்சள் பல்ப் எரியவிடுவதும் பல இடங்களில் இதே பலனைத் தரும். அடர்ந்த மூட்டத்தில் எதுவும் உதவாது. அப்போது கேட்டைத் திறந்தால் பதியும் காந்தச் சுவிட்ச் கமெராவைவிட நம்பகமானது.

வெள்ளையாக இல்லாமல் கோடு கோடாகத் தெரிந்தால் சிலந்தி வலை. கமெராவின் சிறு சூட்டுக்கும் விளக்குக்கும் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை துடைப்பமே மருந்து.

மின்சாரமும் இடியும்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நிலை திரும்பாவிட்டாலும், மரம் விழுந்தோ காற்றிலோ கரண்ட் போவது மலையில் சாதாரணம். சிறிய யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது வழக்கமாக 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. காகிதக் கணக்கில் 84 வாட்-மணி. எண்பது வாட் எடுக்கும் கணினியை அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. இரவுக் குளிரில் இன்னும் குறையும். அதே யூபிஎஸ்ஸில் சிறிய என்விஆரும் நான்கு கமெராவும் இரட்டிப்பு நேரம் ஓடும். திரையை யூபிஎஸ்ஸில் மாட்டாதிருப்பது செலவில்லாத முன்னேற்றம். கமெராக்களுக்கு மின்சாரம் தரும் சுவிட்சை அதில் மாட்ட மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது: கணினி விழித்திருக்கும், பதிய எதுவும் இருக்காது.

கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டும். பயோஸ் அமைப்பில் ‘மின்சாரம் வந்தால் இயங்கு’ என்று மாற்ற ஓரிடம் இருக்கிறது. பதிவு மென்பொருளையும் யாரும் கடவுச்சொல் போட்டு உள்ளே வராமலே பின்னணியில் ஓடும் சேவையாக வைக்க வேண்டும். இரண்டையும் செய்தபின் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதே சோதனை.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடிமழை. கட்டடத்துக்குக் கட்டடம் போகும் செப்புக் கம்பி இடியின் பாதை. இடி முழங்கும்போது மின் பிளக்கைக் கழற்றி வைப்பது வீட்டுப் பழக்கம். ஆனால் கேட்டடியிலிருந்து வரும் கமெராக் கேபிள் கணினியின் பின்னால் மாட்டியபடியே இருக்கும், அழிவு அந்த வழியாக வரும். இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் கேபிளும் இரு முனையிலும் மாற்றிப் பெட்டியும் போடுவது இதற்குச் சரியான வழி. கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. செப்பு நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர் என்பதால் தொழிற்சாலைக்கும் கேட்டுக்கும் இடையில் எப்படியும் அது தேவைப்படும். மெயின் பலகையில் மின்னெழுச்சித் தடுப்பானும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாத தடுப்பான் அலங்காரம்.

பழுது பார்க்கும் ஒழுங்கு

பழுதைத் தேடும்போது கமெரா, கேபிள், மின்சாரம், கணினி, டிஸ்க் என்று படம் வரும் வழியிலேயே நடக்க வேண்டும். எடுத்தவுடன் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றுவது பழுதை மறைக்கும்.

பகலில் ஒழுங்காக ஓடும் கமெரா பொழுது சாய்ந்ததும் நின்று நின்று வருவது நல்ல உதாரணம். இருளில் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, கமெரா எடுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. 12 வோல்ட் மின்சாரத்தை நெட்வொர்க் கேபிளின் ஒரு சோடி மெல்லிய கம்பியில் 80 மீட்டர் அனுப்பியிருந்தால், போய்வரும் வழியின் தடை ஏறத்தாழ 13 ஓம். பகலில் 0.2 அம்பியர் எடுக்கும்போது இழப்பு 2.7 வோல்ட், கமெரா சமாளிக்கிறது. இரவில் 0.5 அம்பியர் ஆனதும் இழப்பு 6.7 வோல்ட், மிஞ்சுவது ஐந்து சொச்சம். கமெரா அணைகிறது, விளக்கும் அணைகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. பகலில் மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தென்படாது. இரவில் அளக்க வேண்டும், அல்லது பகலிலேயே வில்லைக்கு மேல் தொப்பியைக் கவிழ்த்து இருட்டாக்கி அளக்கலாம். அடப்டரைக் கமெராவுக்கு அருகே கொண்டுபோவதோ, 48 வோல்ட் அளவில் மின்சாரத்தை அனுப்பும் பிஓஇ முறைக்கு மாறுவதோ தீர்வு.

படத்தில் கிடைக் கோடுகள் மெதுவாக மேலே ஏறினால், முதலில் அது எந்த வெளிச்சத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டியூப் லைட்டின் கீழ் மட்டும் என்றால் கமெரா 60 ஹெர்ட்ஸில் அமைந்து வந்திருக்கிறது. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமைப்பில் 50 என்றோ பால் (PAL) என்றோ மாற்றியதும் கோடு போய்விடும். எல்லா வெளிச்சத்திலும், அதுவும் பெரிய மோட்டார் ஓடும்போது வருகிற அனலொக் கமெராவின் கோடுகள் என்றால், இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கிடையே உள்ள வித்தியாசம் கேபிளின் உறை வழியாக ஓடுகிறது என்று பொருள். அதற்கெனத் தனிப்பான் உண்டு. எர்த் கம்பியை வெட்டிவிடும் ‘தீர்வு’ ஆளைக் கொல்லக்கூடியது.

ஈரம் இங்கே நிரந்தர விருந்தாளி. கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நேராக நுழைந்தால் கேபிளோடு பெட்டிக்குள் வரும். இணைப்பியில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டி மாற்ற வேண்டும். கணினியை அணைத்து அணைத்துப் போடுவதைவிட எப்போதும் ஓடவிடுவது நல்லது. அதன் சூடே உள்ளே ஈரம் படியாமல் காக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமான பழுது சத்தமில்லாதது: திரையில் எட்டுப் படமும் தெளிவாக ஓடுகின்றன, டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. டிஸ்க் நிரம்பி, பழையதன்மேல் எழுதும் வசதி அணைந்திருக்கலாம். யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகி எடுத்ததில் பதிவு டிஸ்க்கின் எழுத்து டி என்பதிலிருந்து ஈ என்று மாறியிருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் பதிவுக் கோப்புறையைப் பூட்டியிருக்கலாம். அந்தக் கோப்புறைக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம்: ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்ற இலக்கங்களுக்கு எதிரே உள்ள மூல எண் பூச்சியமாக இல்லாமல், வாரத்துக்கு வாரம் ஏறினால் வேறு டிஸ்க் வாங்கும் நேரம். திங்கட்கிழமை தோறும் முந்திய வாரத்தின் ஏதாவதொரு இரவு மணியை ஒவ்வொரு கமெராவிலும் ஓட்டிப் பார்த்து, பெயரும் திகதியும் எழுதி வைக்கும் கொப்பி ஒன்று கணினிக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தப் பழுது ஏழு நாளுக்கு மேல் ஒளிந்திருக்காது.

நேரம் பிழைப்பதும் இதே இனம். மதர்போர்டில் உள்ள காசளவு சிஆர் 2032 பற்றரி தீர்ந்தால், மின்வெட்டுக்குப் பிறகு கணினி பல வருடம் பின்னால் விழிக்கும். பழையதை முதலில் அழிக்கும் மென்பொருள், இன்றைய பதிவையே பழையது என்று எண்ணி அழித்துவிடவும் கூடும். இன்னொன்று நுட்பமானது. இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15இல் ஆறு மணி முன்னிலையிலிருந்து ஐந்தரைக்கு மாறியது. நேர வலயம் ஆறு மணியாக அமைக்கப்பட்ட கருவி அரை மணி முந்தி ஓடும். கையால் திருத்தினாலும் இணைய நேரச் சேவை மறுபடி பிழையாக்கிவிடும். வலயத்தைத் திருத்த வேண்டும். விண்டோஸ் பட்டியலில் அது ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற பெயரில் இருக்கிறது.

தூரத்திலிருந்து கைபேசியில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து வைப்பது ஆபத்து. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத கமெராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் பிடித்து, ஒக்டோபர் 21இல் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை எட்டமுடியாமல் செய்தது. விபிஎன் வழியாகப் பார்ப்பதே முறை. 4ஜி இணைப்புகள் பலவற்றில் பொது ஐபி முகவரி கிடைக்காததால் போர்ட் திறப்பது எப்படியும் வேலை செய்வதில்லை.

பதிவை வெளியே எடுத்தல்

திருட்டோ விபத்தோ நடந்ததும் முதல் வேலை அந்த நேரத்துப் பதிவைப் பூட்டுவது. இல்லாவிட்டால் சுழற்சியில் அழிந்துவிடும். திரையைக் கைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பொலிஸுக்குத் தகவல் சொல்ல உதவும், சாட்சியாக நிற்பது கடினம். மென்பொருளின் ஏற்றுமதி வசதியால் மூல வடிவத்திலேயே, அதை ஓட்டும் செயலியோடு சேர்த்து, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் பதினைந்து நிமிடம் கூட்டி எடுக்க வேண்டும். எடுக்கும்போது கருவியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வேளையில் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. கோப்பின் எஸ்எச்ஏ 256 எண்ணையும் எழுதி வைத்தால், பின்னர் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டலாம்.

நீதிமன்றத்தில் இவ்வகைப் பதிவுகளுக்கு இடம் தருவது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம். பதிவை முன்வைக்க நினைப்பவர் விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்தப் பதிவையும் அதை உண்டாக்கிய இயந்திரத்தையும் பரிசோதிக்கக் கேட்கலாம். ஆகவே பெரிய சம்பவம் என்றால் பிரதி கொடுத்ததோடு நிறுத்தாமல், டிஸ்க்கையே கழற்றி, திகதி எழுதி, ஈரம் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வைத்துவிட்டு, கணினிக்குப் புது டிஸ்க் போடுவதே வழி.